நாலு லிட்டர் சம்ப்பில் ஐந்தரை லிட்டர்

1976 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்தே கால் மணி. எஞ்சினிலிருந்து வடித்த ஆயில் ஐந்தரை லிட்டர். நம்ப முடியாமல் இரண்டாவது தடவையும் அளந்தேன், ஐந்தரைதான். இந்த எஞ்சினின் அடித்தொட்டி, நாங்கள் சம்ப் என்று சொல்வது, நாலு லிட்டர்தான் பிடிக்கும். நான் ஊற்றியதும் நாலு லிட்டர்தான். மீதி ஒன்றரை லிட்டர் எங்கிருந்து வந்தது என்பது இப்போது எனக்குத் தெரியும். தெரிந்ததால் கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இந்த வீட்டில் நான் பேசினால் எதிர்த்துப் பேசாத ஆள் இப்போதைக்கு நீ ஒருவன்தான்.

மகனே, உனக்கு இப்போது எட்டு மாதம். இதை நீ வாசிக்கும்போது சொந்தமாக ஒரு வேலையும், சொந்தமாக ஒரு வண்டியும், சொந்தமாக ஒரு பிடிவாதமும் உனக்கு இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்கு முன்னால் வாசித்தால் பாதி புரியாது. புத்திமதி சொல்லும் வயது எனக்கு ஆகவில்லை, இருபத்தெட்டுதான். ஆனால் வயதான பிறகு எழுதினால் எல்லாவற்றையும் மழுப்பி, அவரவர் பக்கம் ஒரு நியாயம் இருந்தது என்று எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எங்கள் ஆட்கள் எல்லாரும் வயதானதும் அப்படித்தான் ஆகிவிடுகிறார்கள். ஆகவே கையில் ஆயில் காய்வதற்கு முன்னால், சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். இந்தத் தாளில் இருக்கும் கறைக்கு மன்னிக்கவும்.

முதலில் வண்டி. நீ வளரும் வரை அது இருக்குமோ இருக்காதோ. இரண்டே பேர் உட்காரும், கூரை இல்லாத, பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். கப்பல் ஏஜென்சியில் அதிகாரியாக இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. அதை உப்பு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் தள்ளி வைத்திருந்தார்கள். உப்புக் காற்று என்ன செய்யும் என்பது இந்த ஊரில் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவின் அடியில் விரலை வைத்தால் விரல் உள்ளே போகும். இரண்டு வருஷமாக, வேலை முடிந்த பிறகும் விடுமுறை நாட்களிலும், ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி அதை உயிர்ப்பித்தேன். பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் என் கையால் பொருத்தியது. நீ பிறந்த அன்றைக்கு எஞ்சின் தலைகீழாக மேஜை மேல் கிடந்தது. உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரும்முன் மண்ணெண்ணெயில் கை கழுவினேன். நாற்றம் போகவில்லை என்று உன் அம்மா உன்னை என் கையில் தரவே இல்லை.

இந்த எஞ்சினுக்கு எந்த ஆயில் என்பதுதான் கடைசிக் கேள்வியாக இருந்தது. கேட்கச் சின்ன விஷயம். கடையில் போய்க் கேட்டால் அண்ணாச்சி ஒரு டின்னை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, எல்லா வண்டிக்கும் இதான் போவுது என்பார். எல்லா வண்டிக்கும் போவது இந்த வண்டிக்குப் போகாது. சாலையில் ஓடும் கார் சூடாகிறது, பிறகு ஆறுகிறது; அதன் டிரைவர் பாதி நேரம் மாட்டுவண்டிக்குப் பின்னால் காத்திருக்கிறான். பந்தயம் மாதிரி ஓடுதளத்தில் சுற்றும் காருக்கு ஆறுவதற்கு நேரமே கிடையாது. மிதித்தால் முழு மிதி, பிரேக் என்றால் முழு பிரேக். ஆயில் கொதிக்கக் கொதிக்க இளகிப்போகும். இளகினால் சுழலும் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே நிற்க வேண்டிய மெல்லிய படலம் கிழியும். படலம் கிழிந்தால் இரும்பும் இரும்பும் உரசும். அதற்குப் பிறகு நீ ஜெபம் பண்ணலாம், வேறொன்றும் செய்ய முடியாது.

அதற்காகக் கெட்டியான ஆயிலாகப் பார்த்து ஊற்றிவிடலாமா என்றால் அதுவும் கூடாது. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் நிமிஷத்தில் கெட்டி ஆயில் மேலே ஏறாமல் அடியிலேயே உட்கார்ந்திருக்கும். எஞ்சின் தேய்வதில் பெரும்பங்கு அந்த முதல் நிமிஷத்தில்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் பழைய பந்தயக்காரர்கள் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஆயிலைத்தான் ஊற்றுவார்கள். சூட்டில் அது மாதிரி எதுவும் நிற்காது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சினைப் பிரித்துக் கழுவாவிட்டால் வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். வேறு ஆயிலோடு சேரவும் சேராது. எனக்கு வேண்டியது குளிரில் மெலிதாகவும் சூட்டில் கெட்டியாகவும் நடந்துகொள்ளும் ஆயில். இருபது-ஐம்பது கிரேடு. தூத்துக்குடியில் கிடைக்காமல் மதுரையிலிருந்து வரவழைத்தேன். படித்தது, கேட்டது, கணக்குப் போட்டது எல்லாம் சேர்த்து எடுத்த முடிவு. இன்றைக்கும் அதுதான் சரியான முடிவு என்று சொல்கிறேன். நடந்ததில் அந்த ஆயில்மேல் ஒரு தப்பும் இல்லை.

உன் அம்மாவின் அப்பா, என் மாமா, இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அவரை நீ நேரில் பார்த்துப் பழகியிருப்பாய் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் தெரிந்துகொள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மூச்சைப் பிடித்துக் கடலுக்கு அடியில் இறங்கியவர். அது நின்றுபோன பிறகு திரேஸ்புரத்தில் இரண்டு லாஞ்சு வைத்திருக்கிறார். டீசல் எஞ்சின் போட்ட மீன்பிடி லாஞ்சு. அவருடைய லாஞ்சில் ஊற்றுவது நாற்பது கிரேடு, கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கும். அதைத்தான் காரிலும் ஊற்ற வேண்டும் என்று இரண்டு வாரம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் இதே பேச்சு.

"தண்ணியா இருக்க ஆயில் தண்ணி மாதிரி ஓடித்தான் போவும் மாப்ள. எஞ்சின் மேல நிக்கணும்லா? என் லாஞ்சு பதினோரு வருசமா ஓடுது. நீரு சொல்லுத ஆயில அது கண்ணால கண்டதில்ல" என்றார்.

லாஞ்சு ஒரே வேகத்தில் நேராகப் போகிறது, கார் வளைவில் திரும்பும்போது சம்ப்பில் இருக்கும் ஆயில் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கும், அந்தச் சங்கடம் லாஞ்சுக்குக் கிடையாது என்று நான் விளக்கினேன். அவர் மீன்முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "கடல்ல லாஞ்சு சாயாதுன்னு எந்த காலேஜ்ல சொல்லிக் குடுத்தான்?" என்று கேட்டார். உன் மாமாமார் இருவரும் சிரித்தார்கள். உன் அம்மாவும் சிரித்தாள். லாஞ்சு மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிரும், அதன் சம்ப் ஆழமானது, இரண்டும் ஒன்றாகாது என்று நான் சொன்ன பதிலை ஒருவரும் கேட்கவில்லை. சிரித்த பிறகு யாருக்குக் காது கேட்கிறது?

இது ஆயில் சண்டை மட்டும் என்றால் இவ்வளவு எழுதமாட்டேன். துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவர் கட்டும் ஒப்பந்தக்காரரின் ஒர்க்ஷாப்பில் எனக்கு வேலை. கிரேன், லாரி பழுது பார்ப்பது. சுவர் கட்டி முடிந்துவிட்டது. அடுத்த மாதத்தோடு எங்களை அனுப்பிவிடுவார்கள். மாமா பம்பாயில் உள்ள தம் உறவினர் மூலமாக ஒரு கப்பலில் எஞ்சின் ரூம் ஃபிட்டர் வேலைக்குச் சொல்லி வைத்தார். வருகிற புதன்கிழமைக்குள், வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ தந்தி கொடுக்க வேண்டும். ஏறினால் வருஷம் கழித்துத்தான் இறங்க முடியும். சம்பளம் நல்ல சம்பளம். இந்தக் கரையில் பாதி வீடு கப்பல் சம்பளத்தில் கட்டியதுதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் என் அப்பா தோணியில் போனவர். கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் சரக்கு ஏற்றிப் போய்ப் பல மாதம் கழித்து வருவார். எனக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் வாசலில் பெட்டியோடு ஒருவர் வந்து நின்றார். நான் எழுந்து நின்று, மரியாதையாக, "வாங்க அண்ணாச்சி, அம்மா உள்ள இருக்காவ" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். சாயங்காலம் அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். அப்பாவும் சொல்லிச் சிரித்தார். அடுத்த தடவை அவர் வந்தபோது வாசலிலேயே நின்று, "ஏலே, நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கேட்டார். எனக்குப் பதினான்கு வயதாகும் வரை கேட்டார். நான் கப்பலில் ஏற விரும்பாததற்கு என்னிடம் இருக்கும் காரணம் இவ்வளவுதான். மாமாவிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால், உம்ம அப்பா உம்மள வளக்கலியா என்று கேட்பார். வளர்த்தார்தான்.

கப்பலை விட்டால் ஒரே ஒரு வழி. கோயம்புத்தூரில் ஒருவர் பந்தய எஞ்சின்கள் கட்டுகிறார். சின்ன ஒர்க்ஷாப், ஆனால் அவர் கை பட்ட எஞ்சினுக்குத் தனி மரியாதை. கயத்தாறுக்குப் பக்கத்தில் யுத்த காலத்தில் விமானம் இறக்குவதற்காகப் போட்ட நீளமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. மற்ற நாட்களில் அங்கே ஆடு மேயும், மிளகாய் வற்றல் காயும். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரை கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கார் பைத்தியங்கள் நாலைந்து பேர் கூடி, தார் டிரம்களை வளைவுக்கு அடையாளமாக வைத்துச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். பரிசு எதுவும் கிடையாது. இன்றைக்கு அவர் அங்கே வருவதாக இருந்தது. நீங்களே கட்டிய எஞ்சினோடு வந்து பத்துச் சுற்று ஓட்டிக் காட்டுங்கள், பிடித்தால் உங்களுக்கு என்னிடம் வேலை என்று எழுதியிருந்தார். பத்துச் சுற்று. அதுதான் நான் உங்கள் இருவரையும் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கூடவே இருப்பதற்கும் கப்பலில் இருப்பதற்கும் நடுவில் இருந்தது.

இன்று காலை எல்லாரும் வந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. மாமா தம் மீன் வண்டியைக் கழுவி, பாய் விரித்து, அத்தை, உன் இரண்டு மாமாமார், உன் அம்மா, நீ, ஒரு தூக்குச் சட்டி பணியாரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு என் பின்னால் வந்தார். ஓடுதளத்தில் போய் இறங்கியதும் நான் பானட்டைத் திறந்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, ஆயில் மட்டம் காட்டும் கம்பியை, டிப்ஸ்டிக்கை, உருவிப் பார்த்தேன். ஆயில் மேல்கோட்டில் இருந்தது, ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு கோயம்புத்தூர்க்காரரோடு ஓடுதளத்தில் எங்கே பள்ளம், எங்கே சரளை என்று பார்க்க நடந்து போனேன். திரும்பி வந்தபோது குடும்பமே காரைச் சுற்றி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. உன் வலது கை ஆயிலில் மினுங்கியது. பணியாரத்தைக் கையில் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். உன் அம்மா சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டாள். மாமா என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "போயிட்டு வாரும்" என்றார். அவர் என்னைத் தொட்டது கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு சுற்று அருமை. நேர்ப்பாதையில் ஆயில் பிரஷர் மீட்டரின் முள் ஐம்பதில் ஆணி அடித்த மாதிரி நின்றது. மூன்றாம் சுற்றில் பெரிய வளைவில் திரும்பும்போது முள் முப்பதுக்கு இறங்கி, நிமிர்ந்ததும் ஏறியது. வளைவில் கொஞ்சம் இறங்குவது வழக்கம்தான். நாலாம் சுற்றில் பத்துக்கு இறங்கியது, ஏற நேரம் எடுத்தது. பின்னால் பார்த்தால் சாம்பிராணி போட்ட மாதிரி நீலப் புகை. அப்போது எனக்கு இரண்டு வழி இருந்தது. இன்னும் ஆறு சுற்று. வளைவில் மெதுவாகப் போய் எப்படியாவது முடித்துவிட்டால் பத்து ஆகிவிடும். அல்லது இப்போதே சாவியைத் திருகுவது. ஐந்தாம் சுற்றின் நடுவில் முள் பூஜ்யத்தைத் தொட்டது. எஞ்சினை அணைத்தேன். சத்தமே இல்லாமல் கார் உருண்டு, ஆடுகள் நின்ற இடத்தில் போய் நின்றது. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. அதை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் வேறு எங்கேயும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கோயம்புத்தூர்க்காரர் நடந்து வந்து புகைக்குழாயின் உள்ளே துணி சுற்றிய விரலைவிட்டு எடுத்துப் பார்த்தார். "ரிங் சரியா உக்காரலீங்க தம்பி. இந்தப் புகையப் பாத்தா வேற என்ன சொல்றது?" என்றார். குரலில் கிண்டல் இல்லை. கிண்டல் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆயிலை மேலே ஏறவிடாமல் தடுப்பது பிஸ்டன் மேல் இருக்கும் ரிங்தான்; அது என் கையால் போட்டது, அதன் இடைவெளியை மூன்று தடவை அளந்திருக்கிறேன் என்று நான் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

நான் டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை ஏறி நின்றது, அதுவும் சோப்பு நுரை மாதிரி. இது உனக்குப் புரிய வேண்டும். ஆயில் குறைந்தால் எஞ்சின் கெடும் என்று எல்லாருக்கும் தெரியும். கூடினாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. மட்டம் உயர்ந்தால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் முங்கி, மோர் கடைகிற மாதிரி அதைக் கடைந்துவிடும். பம்பு ஆயிலுக்குப் பதிலாக நுரையை இழுக்கும். நுரையில் பிரஷர் நிற்காது. மிச்சம் மேலே தெறித்து எரிந்து புகையாகும். டின்னில் இருந்தது எந்தக் கிரேடாக இருந்தாலும் இதுதான் நடக்கும். நான் விரலில் தேய்த்து முகர்ந்தேன். லாஞ்சு ஆயிலின் வாடை.

நான் திரும்பிப் பார்த்தேன். மாமா ஓடி வந்துகொண்டிருந்தார், கையில் ஆயில் வழியும் தேங்காய்ச் சிரட்டையோடு. அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ஆளுக்கு ஒரு சிரட்டை ஊற்றினார்களாம். அவர், அத்தை, உன் மாமாமார் இருவர், உன் அம்மா. முதல் சிரட்டை உன் கையைப் பிடித்து. லாஞ்சில் புது எஞ்சின் ஏற்றினால், முதல் தடவை கடலுக்குப் போகும்முன் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு சிரட்டை ஊற்ற வேண்டும், முதல் கை வீட்டின் கடைக்குட்டியுடையது. சுக்கான் பிடிக்கிறவன், இங்கே நான், அதைப் பார்க்கக் கூடாது. லாஞ்சுக்காரர் வீட்டுப் பழக்கம் அது. என் வீட்டில் லாஞ்சும் இல்லை, இந்தப் பழக்கமும் இல்லை. நான் டிப்ஸ்டிக்கை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீரு எடம் விடலியா மாப்ள?" என்று கேட்டார். "எந்த மெக்கானிக்கும் வீட்டாளுவளுக்கு எடம் விட்டுத்தான நெரப்புவான்?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். லாஞ்சு மெக்கானிக்குகள் எல்லாரும் அப்படித்தானாம்; சம்ப்பைக் கொஞ்சம் குறைவாக நிரப்பி நிறுத்திக்கொள்வார்கள், மீதியைக் குடும்பம் ஊற்றி மட்டத்துக்குக் கொண்டுவரும். பத்துப் பதினைந்து லிட்டர் பிடிக்கிற சம்ப்பில் ஒன்றரை லிட்டர் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் ஆகாது. நாலு லிட்டர் சம்ப்பில்? என் வண்டியில் கை வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கத்தினேன். சாப்பாட்டு மேஜையில் பேசித் தோற்றதை ஊற்றி ஜெயிக்கப் பார்க்கிறீர்கள் என்றேன். என் வேலையைக் கெடுத்துக் கப்பலில் ஏற்றத்தானே இந்த வேலை என்றும் கேட்டேன். கோயம்புத்தூர்க்காரர் நின்றுகொண்டிருந்தார், அத்தை நின்றுகொண்டிருந்தாள், நீ அழ ஆரம்பித்தாய். மாமா மகன்களைப் பார்த்து, "கயித்த எடுங்கல" என்று மட்டும் சொன்னார்.

புறப்படும்முன் கோயம்புத்தூர்க்காரரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். சிரட்டையைக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "எல்லா மெக்கானிக்கும் ஒரு கதை வச்சிருப்பாங்க தம்பி" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, வருகிற ஞாயிறு தாம் மதுரையில் இருப்பதாகவும், பேரிங்குகளைக் கழற்றி எடுத்துவந்தால் பார்ப்பதாகவும் சொன்னார். "நீங்க எப்ப நிறுத்துனீங்கன்னு பேரிங்கு சொல்லிடும்." நான் நேரத்தில் அணைத்திருந்தால் பேரிங்கின் முகம் சாம்பல் நிறமாக, வழவழப்பாக இருக்கும். தாமதித்திருந்தால் அடியில் இருக்கும் செம்பு தெரியும். அந்தப் பேரிங் இந்த நாட்டில் கிடைக்காது.

கயத்தாறிலிருந்து தூத்துக்குடி வரை மாமாவின் மீன் வண்டிக்குப் பின்னால், கயிற்றில் கட்டி, இழுபட்டு வந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே அந்த வண்டியின் பின்கதவையே பார்த்தபடி. வழியில் இரண்டு இடத்தில் டீக்கடைக்காரர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பையன் கூடவே ஓடிவந்து, "அண்ணே, மீன் வண்டி புடிச்ச மீனா இது?" என்று கேட்டான். மாமா ஒரு பள்ளத்தில்கூடச் சட்டென்று இழுக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கையை வெளியே நீட்டிக் காட்டிவிட்டுத்தான் திரும்பினார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லும் நிலையில் நான் இல்லை. வீட்டு வாசலில் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு திரேஸ்புரம் போய்விட்டார்.

சம்ப்பின் அடி நட்டைக் கழற்றி ஆயிலை வடியவிட்டுக்கொண்டிருந்தபோது உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் காலையில் பேசிய பேச்சு அவளுக்குத் தாங்கவில்லை. "அப்பா ஊத்துனாங்கன்னா என்ன அர்த்தம்னு தெரியுமா ஒங்களுக்கு?" என்று கேட்டாள். ஊற்றியவர்கள் அந்த எஞ்சின் கெட்டுப்போனால் எனக்கென்ன என்று ஒதுங்க முடியாதாம். இரண்டாவது லாஞ்சின் எஞ்சின் மண்டைக்காடு பக்கம் கடலில் வெடித்தபோது, ஊற்றிய கை என்பதற்காக அவளுடைய சித்தப்பா ஒரு மாதம் தம் தொழிலை விட்டுவிட்டு வந்து கிடந்து வேலை செய்தாராம். "ஒங்க கார் பக்கமே வராதவங்க அப்பா. இன்னைக்கு அவங்களே சிரட்டைய எடுத்துட்டு வந்தாங்க. கப்பல் பேச்ச விட்டுட்டாங்கன்னு அர்த்தம். அதத்தான் இன்னைக்குச் சொன்னாங்க."

"சொல்லல. ஊத்துனாங்க" என்றேன்.

அவள் உன்னை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நீங்களும் ஒங்க அப்பா கதைய அவங்ககிட்ட சொல்லலியே" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். வாசற்படியிலிருந்து திரும்பி, அடுத்த தடவை கொஞ்சம் இடம் விட்டு நிரப்பினால்தான் என்ன என்று கேட்டாள். விட மாட்டேன் என்றேன். இப்போதும் அதுதான் சொல்கிறேன். எஞ்சினில் மேல்கோடு என்றால் மேல்கோடு. அதைக் குடும்பத்துக்காகக் கீழே இறக்க முடியாது. அவர்களுக்கு என் மேல் பிரியம் இருந்தால் அதற்கு வேறு இடம் ஆயிரம் இருக்கிறது, சம்ப் அதில் ஒன்றல்ல.

ஆனால் என் அப்பா கதையைப் பற்றி அவள் கேட்டது சரிதான். அரை மணி நேரமாக ஆயில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், நானும் மாமாவிடம் கப்பல் வேண்டாம் என்று ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. காரைக் கட்டினேன், ஓட்டிக் காட்ட ஏற்பாடு செய்தேன், கோயம்புத்தூர்க்காரர் வேலை கொடுத்தால் பேச்சு தானாக முடிந்துவிடும் என்று இருந்தேன். இப்போதும் சம்ப்பைக் கழற்றிப் பேரிங்கைப் பார்த்து, அது நன்றாக இருந்தால் தைரியமாகப் போய்ப் பேசலாம், இல்லாவிட்டால் பேசாமல் வருகிறேன் என்று தந்தி கொடுத்துவிடலாம் என்றுதான் கை ஸ்பேனரைத் தேடியது. பேரிங்கிடம் கேட்டுவிட்டு நான் எடுக்கிற முடிவை நீ ஒரு நாள் என்னிடம் வந்து ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? செம்பு தெரிந்தது, அதனால் உன்னை விட்டுப் போனேன் என்றா?

ஆகவே நான் செய்யப்போவதை வரிசையாக எழுதிவிட்டுக் கிளம்புகிறேன். மாற்றினால் நீயே பிடித்துக்கொள்ளலாம்.

1. ஸ்பேனரை டப்பாவில் போட்டு மூடுவது. சம்ப்பை இன்றைக்குத் தொடுவதில்லை.

2. சைக்கிளில் திரேஸ்புரம் போவது. கப்பலுக்கு நான் வரவில்லை என்று மாமாவிடம் நேராகச் சொல்வது. காரணம் கேட்டால் வாசலில் பெட்டியோடு நின்ற மனிதரைப் பற்றி முழுவதும் சொல்வது. சிரித்தால் சிரிக்கட்டும்.

3. காலையில் கத்தியதில், கப்பலில் ஏற்றச் சதி என்று சொன்னதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்பது. ஆயில் விஷயத்தில் கேட்பதில்லை. அது அவர் தப்பு, அதையும் சொல்வது.

4. அவர் எதற்கும் பதில் பேசாமல் இருந்தால், பேசும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பது.

5. நாளை வேலை முடிந்து வந்து சம்ப்பைக் கழற்றுவது. ஒதுங்க முடியாது என்பது உண்மையானால் அவரும் வந்து விளக்கைப் பிடிக்கட்டும்.

6. பேரிங் சாம்பல் நிறமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போவது.

7. செம்பு தெரிந்தாலும் அதையே எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போவது.